போன வாரத்துக் குரல்

கையில் இருந்தது மூவாயிரத்து இருநூறு.
சீட்டுப் பணம்.
அதில் இருநூறு வீட்டுச் செலவுக்கு என்று
பர்ஸின் வேறு அறையில் ஒளித்துவைத்தேன்,
என்னிடமிருந்தே.

அஞ்சு ரோட்டுக் கடையில் லோகிதாசன்
நகைக்கடைக்காரர் மாதிரி
வெல்வெட் துணியை விரித்து எடுத்துவைத்தார்:
"கண்டென்சருங்க்கா.
எறும்பு மூச்சு விட்டாலும் எடுக்கும்."

எனக்கு எறும்பு வேண்டாம்.
அம்மாப்பேட்டையில்
என் சுவருக்கு அந்தப் பக்கம்
ரெண்டு விசைத்தறி ஓடுகிறது.
மாடியில் பிரேமகுமாரி
மூணு விசில் விட்டுவிட்டு
நாலாவதை யோசித்துக்கொண்டிருப்பாள்.
ஆத்தூர் பஸ் ஒவ்வொன்றும்
என் ஜன்னலுக்கு நேரே வந்துதான்
ஹாரனைச் சோதித்துப் பார்க்கும்.
எல்லாவற்றையும் கேட்கிற காது
ஏற்கெனவே ரெண்டு வைத்திருக்கிறேன்.
அதனால்தான் தூக்கமில்லை.

"அப்ப டைனமிக்தான்," என்றார்
கொஞ்சம் மதிப்புக் குறைந்த குரலில்.
"இது மந்தமுங்க்கா.
நாலு விரல் தூரத்துல வந்து பேசணும்.
தள்ளிப் போனீங்கன்னா
நீங்க யாருன்னே அதுக்குத் தெரியாது."

கறுப்பு. கையில் கனம்.
ஒரு மூலை நசுங்கிய அட்டைப்பெட்டி.
கிட்டே வந்தவர் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டு
மிச்சத்தை விட்டுவிடுகிற குணம்
இத்தனை வருஷத்தில்
எனக்கே வரவில்லை.

இதை ஓட்ட இன்னொரு பெட்டி வேண்டுமாம், நாலாயிரம்.
பெட்டி கேட்காத மைக் காட்டுங்கள் என்றேன்.
நேராக போனில் செருகுகிற ஒன்று வந்தது.
ரெண்டாயிரத்து எண்ணூற்றைம்பது.
எழுநூறுக்கு இறங்கினார்.
செருகுவதற்குச் சின்ன கனெக்டர், தொண்ணூறு.
ஸ்டாண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு
அங்கேயே வைத்தேன்.

ஊறுகாய் ஜாடியில் பச்சரிசி நிரப்பி
மைக்கை அதில் நட்டேன்.
எம்ப்ராய்டரி வளையத்தில்
கிழிந்த துப்பட்டா, ரெண்டு மடிப்பு.
'பங்கனப்பள்ளி'க்குள் இத்தனை பட்டாசு இருப்பது
அதுவரை எனக்குத் தெரியாது.
பீரோவின் ரெண்டு கதவையும் திறந்துவைத்து
சேலைகளைப் பார்த்தபடி உட்கார்ந்து
தலைக்கு மேல் ஜமக்காளம்.
ஃபேனை நிறுத்தியாச்சு.
மே மாதம். சேலம்.
நாற்பத்தஞ்சு நொடிக்கு மேல்
மனுஷன் தாங்க முடியாது.

இருந்தும் தறி கேட்டது,
மெல்ல, வயிற்றுக்குள் இருந்து வருவதுபோல.

சனிக்கிழமை கரண்ட் போனது.
மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பதிலிருந்து ரெண்டு மணி வரை.
தெரு மொத்தமும் வாசலுக்கு வந்து
ஈ.பி.காரனைத் திட்டியது.
நான் மட்டும் உள்ளே ஓடிப்போய்க்
கதவைச் சாத்தினேன்.
தறி நின்றிருந்தது. மிக்ஸி இல்லை, கிரைண்டர் இல்லை.
போனில் எழுபது சதவீதம் சார்ஜ்.
எங்கள் தெருவுக்கு இப்படி ஒரு அமைதி இருப்பதை
அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன்.

"மாம்பழம், மாம்பழம், சேலம் குண்டு,
பங்கனப்பள்ளி, பெங்களூரா,
கல்லு வெச்சுப் பழுக்க வெக்காத பழம்,
கிலோ எண்பது, கிலோ எண்பதே..."
பதினோரு தடவை.
பதினொன்றாவதில் சிரிப்பு கொஞ்சம் கலந்திருந்தது,
அதையே அனுப்பினேன்
செவ்வாய்ப்பேட்டை நசுருதீனுக்கு.
முன்னூறு ரூபாய், உடனே வந்தது.

அடுத்த வியாழன் எங்கள் தெருவில்
லோடு ஆட்டோ திரும்பியது.
மேலே கட்டுக்கம்பியில் தொங்கும் ஹாரன் ஸ்பீக்கர்.
அதிலிருந்து
தகரத்தை யாரோ தரையில் இழுப்பது போல
நான்.
நாலு விரல் தூரம் இல்லை, துப்பட்டா இல்லை,
பச்சரிசி இல்லை, சிரிப்பு சுத்தமாக இல்லை.
ஆனாலும் பிரேமகுமாரி மாடியிலிருந்து
கூடையை இறக்கினாள்.

நானும் பை எடுத்துப் போனேன்.
ஒரு கிலோ குண்டு.
"நூறுங்க்கா."
"எண்பதுன்னு நான்தானே சொல்றேன்?"
எங்கள் தலைக்கு மேலே
மறுபடியும் சொன்னேன்: கிலோ எண்பதே.

நசுருதீன் முள்ளைப் பார்த்தபடியே,
"அது போன வாரத்துக் குரலுங்க்கா.
நூறுன்னு ஒண்ணு பேசிக் குடுங்களேன்,
சாயங்காலம் வேணும்."

வானத்தைப் பார்த்தேன்.
கம்பத்தில் ஆள் யாரும் ஏறியிருக்கவில்லை.
தறி ஓடிக்கொண்டிருந்தது.

"கரண்ட் போகட்டும்," என்றேன்.